மூன்றாம் வாளி

உலக்கை உரலுக்குள் இறங்கிய நேரத்தில், இளையதம்பியின் வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவர் உலக்கையை விடவில்லை. முற்றத்துப் பந்தலின் கீழ் அவருடைய மனைவி கமலாசனி கிடத்தப்பட்டிருந்தாள். ஐயர் பாடிக்கொண்டிருக்க, அவரும் மகள் பிரியந்தினியும் மாறி மாறிச் சாவுச் சடங்கின் சுண்ணம் இடித்துக்கொண்டிருந்தார்கள். போன் மறுபடியும் அதிர்ந்தது. பிறகு இன்னொரு தடவை.

அது கமலாசனியின் போன். நேற்று விடியற்காலை அவள் கண்ணை மூடியதிலிருந்து அவர்தான் அதை வைத்திருக்கிறார். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் எடுத்து அழுது ஓய்ந்துவிட்டார்கள். இப்போது அடிப்பது மனிதர் இல்லை, பின்வளவில் தொங்கும் வாளி என்று அவருக்குத் தெரியும்.

சண்டை முடிந்து மீளக்குடியேற வந்த நாளில் இந்த வளவில் நின்றவை ஷெல்லடியில் தலை போன தென்னைகள். அவற்றைத் தறித்துவிட்டுப் புருஷனும் பெண்சாதியுமாக வைத்த கன்றுகளில் எண்பத்திரண்டு தப்பிப் பிழைத்துத் தோப்பாகிவிட்டன. ஆனால் பளைப் பக்கம் செவ்வண்டு வந்துவிட்டது. இளம் மரத்தில் ஒரு காயம் கிடைத்தால் போதும், அதற்குள் முட்டையிட்டுவிடும். புழு உள்ளே இருந்து குடைந்து தின்னும். வெளியே பச்சைப் பசேல் என்று நிற்கிற மரம் ஒருநாள் குருத்தோடு சரிந்து விழும். அதற்காகத்தான் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, வண்டை இழுக்கிற வாசனைப் பொதி கட்டிய வாளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தினமும் எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து கால் ஓய்ந்த பிறகு, பளைச் சந்தியில் பன்னிரண்டு வருடம் போன் திருத்திய கமலாசனி, கடையில் குப்பையாகக் கிடந்த சாமான்களை வைத்துத் தானே ஒரு பெட்டி செய்தாள். வாளியின் வாயில் ஒரு சின்ன ஒளிக்கண். வண்டு விழுந்தால் அதன் நிழல் கண்ணை மறைக்கும், பெட்டி போனுக்குச் செய்தி அனுப்பும். செய்தியின் வாசகமும் அவள் எழுதியதுதான்.

முதல் பெட்டி ஒரே நாளில் முப்பத்தொரு செய்தி அனுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாளியில் மழைத்தண்ணீர். இளையதம்பியின் தமையன் தில்லைநாதன் அதைச் சந்தி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். தம்பி வீட்டில் வண்டெல்லாம் ரெலிபோன் எடுக்குது என்றார். கமலாசனி கட்டிலில் இருந்தபடியே, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டாவது கண்ணையும் பொருத்தி, துளியின் நிழலையும் வண்டின் நிழலையும் பிரித்தறியச் செய்தாள். ஆனால் அதற்குள் இளையதம்பிக்கு அந்தப் பெட்டியில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. போன வாரம் அவள் கேட்டாள்.

"மூண்டாம் வாளியைப் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான். எல்லாம் சரியாக் கிடக்கு."

அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள். நேற்றிலிருந்து அவருடைய நெஞ்சை அறுப்பது அவளுடைய சாவு மட்டும் இல்லை, அந்த "ஓம்"மும்தான்.

போன் நான்காவது தடவை அதிர்ந்தபோது அவர் உலக்கையைச் சாத்தினார். கண்ணாடி கையில் இல்லாததால் போனை மகளிடம் நீட்டினார். பிரியந்தினி திறந்து, யோசிக்காமல் சத்தமாகவே வாசித்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, மூண்டாம் வாளியில ஒராள் விழுந்திட்டார். போய்ப் பாருங்கோ."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். அது அச்சு அசலாகக் கமலாசனியின் பேச்சு. எல்லாருடைய கண்ணும் ஒரு கணம் அவளுடைய முகத்துக்குப் போய் வந்தது. தில்லைநாதனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பி, செத்தவீட்டில உதென்ன விசர் வேலை? மழைத்துளிக்கும் அடிக்கிற சாமானெல்லே உது."

இளையதம்பி வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில், ஒரு முகில் இல்லை. பார்வையைத் தாழ்த்தியபோது பந்தலில் தொங்கிய தோரணம் கண்ணில் பட்டது. பாடையைச் சுற்றிலும் பச்சைத் தென்னோலை. எல்லாம் விடியற்காலையில் வெட்டியது, ஈரம்கூடக் காயவில்லை.

"அண்ணை, ஓலை எதில வெட்டினது?"

"பின்வளவிலதான். கைக்கெட்டின மரங்கள், ஒரு பதினொண்டு."

கைக்கெட்டின மரம் என்றால் இளம் மரம். செத்தவீட்டுக்கு ஓலை வெட்டுகிறவன் ஏணி தேடமாட்டான், கிட்ட நிற்கிறதைத்தான் வெட்டுவான். கமலாசனி இருந்தவரை, வெட்டின காயத்தை உடனே தார் பூசி மூடுவதானால் மட்டும்தான் ஒரு பச்சை மட்டையில் கத்தி வைக்க விடுவாள். அவளுடைய சாவுக்கு என்று பதினொரு மரத்தைக் காயப்படுத்தி, அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மணத்துக்குத்தான் வண்டு வருகிறது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, விரலில் தர்ப்பையோடு இளையதம்பி பின்வளவுக்கு நடந்தார். பிணம் கிடக்க எழும்பிப் போகிறார் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. மூன்றாம் வாளியை அடையும்வரை வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. வாளி வெறுமையாக இருந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய மன்றாட்டு.

வெறுமையாக இல்லை. மூக்கு நீண்ட செந்நிற வண்டுகள் சவர்க்காரத் தண்ணீரில் காலடித்துக் கிடந்தன. வெட்டிய மட்டையொன்றில் இன்னொன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டி விழுத்திக் காலால் நசுக்கினார். பிறகு வாளியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, தமையனின் காலடியில் வைத்தார்.

"எண்ணுங்கோ அண்ணை."

தில்லைநாதன் ஓர் ஈர்க்கை எடுத்துத் தள்ளித் தள்ளி எண்ணினார். முடித்ததும் நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

"ஏழு."

"இதுவரைக்கும் வந்ததும் ஏழு மெசேஜ், பெரியப்பா" என்றாள் பிரியந்தினி.

ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இளையதம்பிக்குக் கண்ணீர் பொங்கியது. ஆனால் அது நேற்றிலிருந்து அழுத அழுகை இல்லை. சபையின் நடுவில் தன் பெண்சாதி வென்றுவிட்டாள் என்று அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தில்லைநாதன் ஈர்க்கைக் கீழே போட்டார். பாடையைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார். சால்வையை உருவி இடுப்பில் கட்டினார்.

"தார் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

தார்ப் பேணி கமலாசனியின் வேலை மேசைக்குக் கீழேதான் இருந்தது. பாடை தூக்க வந்த ஆட்கள் பின்வளவுக்குப் போனார்கள். முடித்துவிட்டு வாங்கோ, நேரம் கிடக்கு என்று ஐயரே சொல்லிவிட்டார். வீட்டின் பின் கோடியில் நின்று சிகரெட் குடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள்கூட ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்தும் இளையதம்பியின் விரல்களில் கறுப்புப் போகவில்லை. அந்தக் கையாலேயே வாய்க்கரிசி போட்டார். போடும்போது குனிந்து, அவளுடைய காதோடு சொன்னார்.

"பாத்திட்டன், கமலா."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனம் கலைந்தது. போகிறவர்களில் நான்கு பேர் தங்கள் வளவுக்கும் பெட்டி வேண்டும் என்று பிரியந்தினியிடம் சொல்லிவைத்தார்கள். அவளும் மேசையில் தாயின் சாமான்களைப் பரப்பத் தொடங்கியிருந்தாள். அண்ணனும் தம்பியும் பின்வளவுக்குப் போனார்கள். புழு குடைந்தால் மரத்துக்குள் நறநற என்று கேட்கும். பதினொரு மரத்திலும் காதை வைத்துக் கேட்டார்கள். கடைசி மரத்தில் தில்லைநாதன் வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"ஒரு சத்தமும் இல்லையடா" என்றார்.

சரியாக ஆறு மணிக்கு இளையதம்பியின் சட்டைப் பைக்குள் போன் ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. வண்டு விழாத நாட்களில் மட்டும் அந்த நேரத்துக்கு வரும்படி கமலாசனி எழுதிவைத்த செய்தி. இப்போதெல்லாம் அவர் கண்ணாடியைக் கையோடுதான் வைத்திருக்கிறார்.

"இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தார். மகள் ஊற்றி மூடி வைத்திருந்த தேத்தண்ணீரை, ஆறுவதற்கு முன்னமே எடுத்துக் குடித்தார்.