பதினோராம் எண் ரேடியோவும் நாலு படாக் பெட்டிகளும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விலைப்பட்டியலிலிருந்து கிடைத்தது. மெட்ராசில் ஒரு ரேடியோக் கடை அனுப்பியது. பன்னிரண்டு பக்கம். கடைசி இரண்டு பக்கங்கள் கப்பலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஆகவே பதினெட்டாம் எண்ணுக்கு மேல் என்னென்ன ரேடியோக்கள் உலகத்தில் இருக்கின்றன என்பது போர்ட் பிளேரில் யாருக்கும் தெரியாது.

கதை பிறந்ததற்கு இதைவிட உயர்வான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கடல் அன்று அமைதியாக இருந்தது." (எங்கள் வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருக்கிறது. அங்கிருந்து கடல் தெரியாது. அடித்துவிட்டேன்.)

"குழந்தைவேலு ஓர் இசைப் பிரியர்." (குழந்தைவேலு என் அப்பா. அவர் விழித்திருந்து கேட்பது கப்பல் வரும் தேதியை மட்டும். பாட்டு போட்டால் தூங்கிவிடுவார். அடித்துவிட்டேன்.)

"பூங்கோதைக்கு இடது காது கேட்காது." (பூங்கோதை என் அம்மா. இது உண்மை. இருக்கட்டும்.)

2

பூங்கோதைக்கு இடது காது கேட்காது. சாயங்காலம் சமையலறையில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். அப்போது அவளுடைய வலது காது சாமான் அறைச் சுவரை ஒட்டி இருக்கும். இடது காது முன்னறையைப் பார்த்து இருக்கும். முன்னறையில்தான் எங்கள் பழைய ரேடியோ. அப்பா மர மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு அதைத் திருப்புவார்.

"பூங்கோதை, சிலோன் கிடைச்சிருச்சு. கேக்குதா?"

"என்ன?"

இந்த உரையாடல் மூன்று வருடம் நடந்தது. அதன் முடிவில் அப்பா ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இந்த வீட்டில் எந்தப் பக்கம் காதை வைத்தாலும் பாட்டு கேட்க வேண்டும். நாலு இடத்தில் நாலு ஸ்பீக்கர்.

மற்றவர்களாக இருந்தால் முதலில் ரேடியோவை வாங்கியிருப்பார்கள். அப்பா மர மில்காரர். மில்லில் சிவப்புப் படாக் மரத் துண்டுகள் கழிவாகக் கிடைத்ததும் நாலு ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்து முடித்துவிட்டார்.* ஆக, பெட்டிகளுக்குப் பொருத்தமான ரேடியோவைத் தேட வேண்டியதாயிற்று.

(* மில் ஆட்கள் வீடுகளில் எல்லாமே இந்த வரிசையில்தான் நடக்கும். தொட்டிலுக்கு நல்ல மரம் அமைந்துவிட்டது என்று பெண் பார்க்கப் போனவர் ஒருவர் எங்கள் வீட்டு வரிசையிலேயே இருக்கிறார்.)

பக்கத்து வீட்டுத் தங்கையா மாமா துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். விலைப்பட்டியலோடு அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் அப்பா.

"அண்ணாச்சி, நாலு டப்பாவையும் இழுக்கணும்னா அஞ்சு வால்வு காணாது. எட்டு வால்வு வேணும். பதினோராம் நம்பரப் பாருங்க. பின்னாடி தனி ஸ்பீக்கர் சொருக வழி இருக்கு."

"இந்த ஏழாம் நம்பர் அழகா இருக்குதே."

"அது டிரான்சிஸ்டர். தோல் பை போட்டுத் தருவான். தோள்ல மாட்டிக்கிட்டு அபர்தீன் பஜார சுத்தி வரலாம். அதுக்கு ஒரு வாய்தான். உங்க டப்பாவ எல்லாம் இழுக்காது."

"டப்பா செஞ்சாச்சே."

"அப்ப பதினொண்ணு. பஸ், அவ்வளவுதான்."

சமையலறையில் ஸ்பீக்கரை வைக்கக் கூடாது என்றும் தங்கையா மாமாதான் சொன்னார். "ஸ்பீக்கருக்குள்ள இருக்கது காகிதம். சோத்து ஆவில நமுத்துப் போவும். இந்த ஊர்ல தீப்பெட்டியே ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது. சாமான் ரூம்ல மாட்டுங்க. பலகைச் செவுத்துல வட்டமா ஓட்டை போட்டு வாயை இந்தப் பக்கம் திருப்பிருங்க. தங்கச்சிக்கு வலது காதுக்கு நேரா வந்துரும்."

அப்பா உடனே சாமான் அறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. ரேடியோ வந்த அன்றைக்கு அறுப்பதாக ஏற்பாடு.

3

இந்த இடத்தில் மரகதம் என்று ஒருத்தி கதைக்குள் வர வேண்டும். எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை.

வயது பதினேழு. முதலில் அவளைத் துணிச்சல்காரியாக எழுதினேன். அவள் எழுந்து நின்று "அப்பா, அந்த அறை எனக்கு வேண்டும்" என்று சொன்னாள். படித்தால் வேறு யார் வீட்டுப் பெண்ணோ பேசுவது போல இருந்தது.

உள்ளபடி அவள் இப்படி: பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது இந்தியில் "உபஸ்தித்" என்று சொல்ல வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். மரகதத்துக்கு வாய் எழும்பாது. எழுந்து மட்டும் நிற்பாள். ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்தபடி கூப்பிடுகிறவர். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்க்க முடியாது. நாற்பத்து மூன்று நாள் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டின்படி நாற்பத்து மூன்று நாளும் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். அது மூன்று வருடத்துக்கு முன்.

அப்பா கேட்டார்: "இத்தனை நாளா எங்கதான் போன?"

அதற்கும் அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை.)

மரகதம் நான்தான் என்று இதற்குள் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். "அவள்" என்று எழுதினால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

சாமான் அறையில் ஓர் அரிசி மூட்டை, ஒரு மண்ணெண்ணெய் டின், தேங்காய்கள், ஒரு தகரப் பெட்டி. தகரப் பெட்டியின் மூடிமேல் வைத்துத்தான் எழுதுகிறேன். அதற்குள், பழைய புடவைகளுக்கு அடியில், ஏழு நோட்டுகள் இருக்கின்றன. உட்கார்ந்தால் சுண்ணக்கட்டி வட்டம் என் தலைக்கு நேரே வருகிறது. அதை அறுத்தால் என் காதில் சிலோன் விழும். என் தலை இருக்கும் இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி தொங்கும். இந்த வீட்டில் எனக்கு வேறு அறை கிடையாது.

4

கடைக்கு எழுத வேண்டிய கடிதம் என் பொறுப்பு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதை ஏற்கெனவே காகிதத்தின் அடியில் போட்டுக் கொடுத்துவிட்டார். கடிதத்தை எடுத்துப் போகிறவர் ஜம்புலிங்கம் மாமா, அம்மாவின் தம்பி. நாளைக் காலைக் கப்பலில் மெட்ராஸ் போகிறார். கடைக்காரன் பெட்டியை ஆணியடித்துக் கொடுத்தால், அதை அப்படியே கொண்டுவந்து இறக்குவார்.

கடிதத்தில் மாற்றி எழுத வேண்டியது ஒரே ஓர் எண். யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. ஏழாம் எண் வந்து இறங்கினால் கடையில் தவறு நடந்துவிட்டது என்பார்கள். கப்பலில் வந்த பொருளை மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பியவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

சற்று முன் மாமா வந்து கதவருகே நின்றார்.

"என்ன மரகதம், லெட்டர் ரெடியா?"

தலையாட்டினேன். அது ஆம் என்றும் இல்லை என்றும் இருந்தது.

"அரே, நீ வாயத் தொறந்து நம்பர சொன்னா நானே ஞாபகம் வெச்சுக்குவேன். அதுக்குக் காத்திருந்தா இந்தக் கப்பல் மட்டுமில்ல, அடுத்த ஜகாஜும் போயிரும். எழுதியே குடு. டீ குடிச்சிட்டு வர்றேன்."

5

முடிவுகள்.

முதல் முடிவு: பதினொன்று என்று எழுதுகிறாள். ரேடியோ வருகிறது. வட்டம் அறுபடுகிறது. எட்டாவது நோட்டு கிடையாது.

இரண்டாவது முடிவு: ஏழு என்று எழுதுகிறாள். அப்பா நாலு வாயில்லாத பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் உப்பு வைக்கலாம். ஒன்றில் கோழி முட்டையிடும். சமையலறைக்கென்று செய்த பெட்டிக்கு மட்டும், இந்தப் பக்கம் அரிசி எடுக்க வரும்போது அம்மா தலையில் இடிக்கக் கூடாது என்று, மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டியிருக்கிறார். அந்தப் பெட்டியை என்ன செய்வ

(இங்கே நிறுத்தினேன். அம்மா அரிசி எடுக்க உள்ளே வந்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.)

"எழுதிட்டியா?"

"லெட்டர் இன்னும்..."

"லெட்டர் இல்லடி. மத்தது."

நான் நோட்டின் மேல் கையை வைத்தேன். அம்மா மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

"மொதல்ல எலின்னு நெனச்சேன். ரெண்டு நாள் கருவாட்டுத் துண்டு வெச்சுப் பாத்தேன். எலி வரல, சத்தம் மட்டும் வந்துச்சு. கொஞ்சம் கீறும், நிக்கும். அப்புறம் கீறும். எலி எதுக்கு யோசிக்கப் போவுதுன்னு தோணிச்சு."

"எப்பலேர்ந்து?"

"நீ பள்ளிக்கூடம் நின்னதுலேர்ந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு ரேடியோ முள்ளத் திருப்பவே பொழுது சரியா இருக்கு."

"நீ மணைய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா ரேடியோ கேக்குமேம்மா."

"கேக்கும்," என்றாள் அம்மா. "அப்ப இந்தப் பக்கம் கேக்காது."

இரண்டு படி அரிசி அளந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

கதையைத் திரும்ப அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடம் "என்ன?" என்று கேட்டது, படாக் பெட்டிகள், எட்டு வால்வு, தங்கையா மாமாவின் நமுத்துப்போன தீப்பெட்டி எல்லாமே இந்த நிப்பு தகரத்தின் மேல் போட்ட சத்தத்தால் வந்தவை. பலகைச் சுவரும் தகரப் பெட்டியும் சேர்ந்தால் நல்ல ஸ்பீக்கர் என்று அந்த விலைப்பட்டியலில் போடவில்லை. ஒருவேளை ஒட்டிப்போன பக்கத்தில் இருக்கலாம்.

மூன்றாவது முடிவு இருக்கிறது. மரகதம் முன்னறைக்குப் போய் அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்கிறாள்: "அம்மா திரும்பி உக்காந்தா கேக்கும்ப்பா." உடனே அப்பா கேட்பார்: "அப்புறம் ஏன் திரும்பல?" அதற்கு இரண்டாவது வாக்கியம் வேண்டும். முதல் வாக்கியமே என்னிடம் இல்லை.

பதினொன்று வந்தால் எனக்கு அறை போகும் என்று மட்டும்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். அம்மாவுக்கும் ஒன்று போகும். ஏழு வந்தால், மூலைகளை உருட்டிய மனுஷனுக்கு என்ன மிஞ்சும் என்பதை மேலே பாதியில் விட்டிருக்கிறேன்.

மாமா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மரகதம், நேரமாச்சு."

கடிதம் தகரப் பெட்டி மேல் இருக்கிறது. எல்லாம் எழுதியாயிற்று. "எண்" என்பதற்குப் பக்கத்தில் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். ஏழுக்கு ஒரே இழுப்பு. பதினொன்றுக்கு இரண்டு.

எழுதிய எண்ணை இந்த நோட்டில் பதியப் போவதில்லை. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் காய் நறுக்கும் சத்தம் நின்றிருக்கிறது.