கிடார் அடிச்சது யாரு மகன்?

1

இந்தக் கதை ஒரு எரிச்சல்ல பொறந்துச்சு. மறைக்க என்ன இருக்கு, முதல்லயே சொல்லிடுறேன்.

திருச்சுழியில இருந்து நரிக்குடிக்கு மினி பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேன். உக்கார எடம் கெடைக்கல. டிரைவருக்குப் பக்கத்துல இஞ்சின் மூடி மேல தொத்திக்கிட்டு வாரேன். ஸ்பீக்கர்ல கருப்பசாமி பாட்டு. உருமி, பம்பை, ஒரு பொம்பளக் குரல், எல்லாம் அதது இடத்துல சரியாத்தான் இருக்கு. பல்லவி முடிஞ்சதும் திடீர்னு ஒரு கிடார் வருது பாருங்க! இருபது செகண்டுதான். வெங்காய மூடையோட நின்ன ஒரு அக்கா கண்ணை மூடிருச்சு. டிரைவரு அந்த இருபது செகண்டும் ஹாரன் பக்கமே கையைக் கொண்டு போகல. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

"அண்ணே, இந்தக் கிடாரை அடிச்சது யாரு?"ன்னு கேட்டேன்.

"எது?"

"இப்ப நடுவுல வந்துச்சே, அது."

"அதா? அது பாட்டோட வர்றதுண்ணே."

பாட்டோட வர்றதாம்! காய் வாங்கினா கொசுறாக் கறிவேப்பிலை போடுற மாதிரி. எனக்கு வந்துச்சே கோவம். எவனோ ஒருத்தன் விரல் தேயத் தேய வாசிச்சிருக்கான், அவனுக்குன்னு ஒரு பேரு கூடவா இருக்காது? இல்லைன்னா நான் வைக்கிறேன்டான்னு எறங்கின கையோட நோட்டைத் தொறந்தேன். சுஜின், அதான் நான் வச்ச பேரு.

2

ஆரம்பிக்கிறதுதான் பெரும்பாடு. மூணு ஆரம்பம் எழுதினேன். அடிச்ச கோலத்துலயே விட்டிருக்கேன், பாருங்க.

[கரிசல் மண் வெடித்துக் கிடந்த ஒரு மதியத்தில், சுஜினின் விரல்கள்—

வேணாம். கரிசல்னு எழுதின உடனே ஒரு தாத்தா கட்டிலைப் போட்டு உக்காந்துக்கிட்டுப் பழங்கதை பேச ஆரம்பிச்சுருவாரு. அவரை எழுப்பி அனுப்பவே ரெண்டு பக்கம் ஆகும்.]

[இசைக்கு மொழியில்லை, மதமில்லை, ஊரில்லை என்று—

இது பள்ளிக்கூட ஆண்டு விழா மலர்ல வர்றது.]

[சுஜின் பிறந்தபோது அவனுடைய முதல் அழுகையே சுருதி சுத்தமாக—

சே!]

கடைசியில உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். சுஜினுக்கு வயசு இருபத்தொன்பது. ஒன்பது வருசமா அடுத்தவுக பாட்டுக்குக் கிடார் வாசிக்கிறான். நானூறு பாட்டுக்கு மேல இருக்கும். கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு, காதுகுத்துப் பாட்டு, கருப்பசாமி பாட்டு. ஒண்ணுலயும் அவன் பேரு கெடையாது.

3

வாசிக்கிற எடம் அருப்புக்கோட்டை. ஆனந்தகுமார்னு ஒருத்தர் அங்கன ஸ்டுடியோ வச்சிருக்காரு. ஸ்டுடியோ மாடியில, கீழே விசைத்தறி. இந்த லட்சணத்துல ஏன் அந்த மாடியை எடுத்தாருன்னு கேக்காதீங்க, அது அவரோட மச்சினன் கட்டடம். சொவரு பூராம் முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தாரு. மெத்தையை அடிச்சுத் தொங்கவிட்டுப் பார்த்தாரு. தறி எதுக்கும் மசியல. சுஜின் கையில இருக்கிறது சாதாரணக் கட்டைக் கிடார், மைக் வச்சுத்தான் எடுக்கணும். மைக்கைத் தொறந்தா கிடாருக்கு முன்னாடி தறி வந்து நிக்கும்.

அதுக்கு ஆனந்தகுமார் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மாசத்துக்கு ஒருநாள் லைன் பராமரிப்புன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டை நிறுத்துவாங்கல்ல, அன்னைக்குத் தறி நிக்கும். ஊரே வேர்த்துக்கிட்டு வாசல்ல வந்து உக்காரும்போது, இவுக மாடியில யூ.பி.எஸ்ஸைப் போட்டு ரெக்கார்டிங் பண்ணுவாக. பேட்டரி பழசு, நாப்பது நிமிசம் தாங்கும். நாலு பாட்டு, பாட்டுக்குப் பத்து நிமிசம். தப்பா வாசிச்சுட்டுத் திரும்ப வாசிக்கிறதெல்லாம் பெரிய ஸ்டுடியோக்காரவுகளுக்கு. இவனுக்கு ஒரே தடவைதான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒண்ணு: மாசம் ஒருநாள், நாளைக்கு நாலு பாட்டு, ஒன்பது வருசம். நானூத்துச் சொச்சம் சரியா வருது. நான் கணக்குல வீக்கு, அதனால ரெண்டு தடவை பெருக்கிப் பார்த்துட்டேன்.)

இப்ப நீங்க நம்ப மாட்டாத ஒண்ணைச் சொல்லணும். சுஜினோட அப்பா செல்வதுரை, லைன்மேன். திருச்சுழி பக்கம் கரண்டை நிறுத்திட்டுக் கம்பத்துல ஏறுற ஆளுகள்ல ஒருத்தர். எழுதி முடிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துச்சு. ரொம்பப் பொருத்தமா இருக்கேன்னு அவரைப் போஸ்ட்மேனா மாத்திப் பார்த்தேன். மனுசன் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கதையை விட்டே போயிட்டாரு. திரும்பக் கூப்பிட்டுக் கம்பத்துலயே ஏத்திட்டேன்.

செல்வதுரைக்கு வாரத்துல ஆறு நாளு கம்பம். ஏழாவது நாளு திருச்சுழி கிறிஸ்தவ சபையில ஆர்கன். அறுப்பின் பண்டிகைக்குன்னு அவரே ஒரு பாட்டுக் கட்டி, நடுவுல வர்ற இசையையும் அவரே போட்டு, பதினோரு வருசமா அதைத்தான் சபையில பாடுறாக. வருசா வருசம் நோட்டீசுல பாட்டு அச்சாகும், போட்டவர் பேரு அச்சாகாது. சுஜினோட கிடாரும் சபைக்குன்னு வாங்கினதுதான். பாஸ்டர் ஐயா கையை வச்சு ஜெபம் பண்ணிக் கொடுத்தாரு. அந்தக் கிடாரை வச்சுக்கிட்டுக் கருப்பசாமி பாட்டுக்கு வாசிக்கிறான்னு தெரிஞ்சா, பையனை விட்டுட்டு அப்பாவைத்தான் கேப்பாக.

அதனால வீட்டுல கம்ப்யூட்டர் சென்டர்ல வேலைன்னு சொல்லியிருக்கான். ஆனந்தகுமார்கிட்ட, "எம் பேரை மட்டும் எங்கனயும் போட்டுறாதீங்கண்ணே"ன்னு சொல்லியிருக்கான். ஆக, பேரு இல்லாமப் போனது அவனே கேட்டு வாங்கினது. இது தெரியாம நான் மினி பஸ் டிரைவர் மேல கோவப்பட்டேன். மன்னிச்சுக்கோங்க டிரைவரண்ணே.

4

அந்த இருபது செகண்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

அன்னைக்கு நாலாவது பாட்டு. பரளச்சியில ஒரு வகையறா, அவுக கருப்பசாமிக்குன்னு எழுதிக் கொடுத்த பாட்டு. பாடுறது தங்கச்செல்வி அக்கா. அக்கா பாடி முடிச்சாச்சு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல ஒரு எடம் காலியா கெடக்கு. யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுருச்சு.

"ஏதாவது அடிலே! மூணு நிமிசந்தான் இருக்கு"ன்னாரு ஆனந்தகுமார்.

"யோசிக்க விடுங்கண்ணே."

"யோசிக்கிறதெல்லாம் கரண்டு இருக்கிறவன் செய்யிற வேலை. அடி!"

"தம்பி, எனக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும்யா"ன்னு தங்கச்செல்வி அக்கா வேற.

சுஜின் கண்ணை மூடினான். விரல் அது பாட்டுக்குப் போச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க போய்ப் பழகுச்சோ அங்கயே போச்சு. வாசிச்சு முடிச்ச பெறகுதான் அவனுக்கு உறைச்சுச்சு.

"ஐயையோ! அண்ணே, இது எங்கப்பாவோடது. அறுப்புப் பண்டிகைப் பாட்டுக்கு அவரு போட்டது. அழிங்கண்ணே!"

"சேவ் பண்ணிட்டேனே. அடுத்த மாசம் கரண்டு போறப்ப மாத்திக்கிருவோம்"ன்னாரு ஆனந்தகுமார். சொல்லி வாயை மூடல, எல்லாம் அணைஞ்சுபோச்சு.

அடுத்த மாசம் வரைக்கும் பாட்டு காத்துக்கிட்டா இருக்கும்? மூணாம் நாளே வெளிய வந்துருச்சு. வீரசோழன் பஸ்ஸுல ஓடுது, ஆட்டோவுல ஓடுது, போன் மணியா அடிக்குது. அந்த இருபது செகண்டை மட்டும் வெட்டி வச்சுக்கிட்டு ஆடு மேய்க்கிறதுல இருந்து மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் எல்லாத்துக்கும் போடுறாக.

5

பரளச்சிக் கோயில் கமிட்டியில முத்துராஜ்னு ஒருத்தர். ஸ்டுடியோவுக்கே நேரா வந்துட்டாரு.

"கிடார் அடிச்சவுக யாரு?"

ஆனந்தகுமார் கூரையைப் பார்த்தாரு. சுஜின் தரையைப் பார்த்தான். கையில கிடாரோட உக்காந்திருக்கிறவன் தரையைப் பார்த்து என்ன புண்ணியம்!

"நீங்கதானா தம்பி! எங்க கோயில் பொங்கலுக்கு மேடையில வந்து வாசிக்கணும். அந்த எடத்துலதான் எங்க சாமியாடி மொத ஆட்டமே எடுக்காரு. வாசிச்சதும் துண்டு போட்டு மரியாதை செய்வோம்"ன்னாரு முத்துராஜ். "மைக்குல பேரு சொல்லிச் செய்வோம்."

சுஜின் நிமிர்ந்து பார்த்தான். ஒன்பது வருசம், நானூறு பாட்டு. ஒருதடவை, ஒரே ஒரு தடவை எவனாவது அவன் பேரை மைக்குல சொல்லிக் கேக்கணும்னு அவனுக்கு அவ்வளவு ஆசை. இத்தனை நாளா பேரு வேணாம் வேணாம்னு சொன்னது வாய்தான்னு அன்னைக்குத்தான் அவனுக்கே தெரிஞ்சுச்சு.

"வாரேண்ணே"ன்னுட்டான்.

"ரொம்பச் சந்தோசம். எங்க ஊரு வழக்கப்படி ஊரு பேரு, அப்பா பேரு, அப்புறந்தான் உங்க பேரு. அப்பா பேரு இல்லாம எங்கூர்ல துண்டு போட மாட்டோம்."

இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மனுசன்?

6

பொங்கலன்னைக்குச் சாயங்காலம். மேடைக்கு லைட்டு, ஸ்பீக்கர் எல்லாம் டிரான்ஸ்பார்மர்ல இருந்து தனியா இழுத்திருக்கு. திருவிழான்னா ஒரு லைன்மேன் பக்கத்துல டூட்டியில நிக்கணும். யாரு நின்னாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சுஜின் மேடையேறுறான். கீழே அப்பா. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாக. தங்கச்செல்வி அக்கா பாட ஆரம்பிச்சாச்சு. இவன் வாசிக்க வேண்டிய எடம் வந்துச்சு, வாசிச்சான். பொம்பளைக போட்ட குலவையில ஸ்பீக்கரே அமுங்கிப்போச்சு. முத்துராஜ் துண்டோட வந்து மைக்கை நீட்டினாரு.

இந்த எடத்துல நான் முடிவு ஒண்ணு எழுதினேன். சுஜின் வாய்க்கு வந்த பேரைச் சொல்றான்: "வீரணன் மகன்." அந்தக் கூட்டத்துல வீரணன் நாலு பேரு. நாலு பேரும் எந்திரிச்சு நிக்கிறாக. நாலு பொண்டாட்டிமாரும் அவுகளைத் திரும்பிப் பார்க்கிறாக. சிரிப்பா வந்துச்சு, ஆனா கதை அந்த நாலு வீட்டுச் சண்டைக்குள்ள போயிருச்சு. அடிச்சுட்டேன்.

இன்னொண்ணு எழுதினேன். பேரு வாயில வர்றதுக்கு முன்னாடி செல்வதுரை பியூஸ் கட்டையைப் பிடுங்கிருறாரு, மேடையே இருட்டு. பிரமாதமா வந்திருக்குன்னு நானே மெச்சிக்கிட்டேன். சுஜின் எங்கிட்டச் சண்டைக்கு வந்துட்டான்.

"எங்கப்பா கரண்டை நிறுத்துவாரா? இருபத்தாறு வருச சர்வீஸ்ல ஒருநாள் சொந்தக் காரியத்துக்கு அந்தக் கட்டையைத் தொட்டிருப்பாரா? அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நான்தான்டா அவரை உண்டாக்கினேன்!"

"உண்டாக்கினா? அவரு மேடைக்குப் பின்னாடி வந்து என்ன சொன்னாருன்னு ஏன் எழுதல?"

எழுதலதான். மறைச்சுட்டேன். அதை எழுதினா முடிவு சொல்றது கஷ்டம்னு தெரிஞ்சே மறைச்சேன். இப்ப எழுதுறேன்.

7

முத்துராஜ் மைக்கை நீட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தி, குலவை இன்னும் ஓயல. முத்துராஜ் துண்டை எடுக்கப் போயிருக்காரு. செல்வதுரை தலையில டூட்டித் தொப்பி, கையில டெஸ்டரோட மேடைக்குப் பின்னாடி ஏறி வந்தாரு. ஸ்பீக்கர் ஒயரைப் பார்க்கிற மாதிரிக் குனிஞ்சாரு. மகன் மூஞ்சியைப் பார்க்கல.

"ரெண்டாவது வரியில ஒரு எடத்துல இழுத்துட்ட. நான் போட்டது அப்படி இல்ல."

"எப்பத்துல இருந்துப்பா தெரியும்?"

"டீக்கடைக்கு டீக்கடை இதான ஓடுது. நான் கம்பத்து மேல நிக்கிறேன், கீழே எம் பாட்டு ஓடுது." ஒயரை அழுத்திவிட்டாரு. "அங்கன பதினோரு வருசமா வாசிக்கிறேன். நல்லா இருக்கே, யாரு போட்டதுன்னு ஒருத்தர் கேட்டதில்ல. இங்கன குலவை போடுறாக."

டெஸ்டரைச் சட்டைப் பையில செருகினாரு.

"எம் பேரைக் கீரைச் சொல்லித் தொலைச்சுறாத. ஞாயித்துக்கிழமை நான் போயி ஆர்கன்ல உக்காரணும்."

சொல்லிட்டு எறங்கிட்டாரு. டிரான்ஸ்பார்மர்கிட்டப் போக வேண்டிய ஆளு. போகல. பாதி வழியில, மேடைக்கு நேரா, மைக்கு நல்லாக் கேக்குற எடமாப் பார்த்து நின்னுட்டாரு.

முத்துராஜ் துண்டை விரிச்சுக்கிட்டு வந்துட்டாரு. "சொல்லுங்க தம்பி. திருச்சுழி...?"

எனக்கு இதுக்கு மேல கை ஓடல. சொன்னா ஞாயித்துக்கிழமை அவரு உக்கார நாற்காலி இருக்குமான்னு தெரியாது. சொல்லாட்டி இன்னொரு மைக்கு அவரு பேரைக் கேட்டு வரப்போறதில்ல. வேணாம்னு அவரே வாயால சொல்லிட்டாரு, ஆனா நிக்கிற எடம் வேற சொல்லுது. சுஜினைக் கேட்டா அவன் என்னையப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன்.

அவர் பேரு உங்களுக்குத் தெரியும். கோட்டு மேல எழுதணுமா வேணாமான்னு நீங்களே பார்த்துக்கோங்க.

"திருச்சுழி ........................ மகன் சுஜின்."

சீக்கிரம் சொல்லுங்க. மனுசன் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு.