நாற்பத்தொரு பேர்

மடவளையிலிருந்து வத்தேகமவுக்குப் போகிற தெருவில் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக ஒரு பக்கத்தை வெட்டிப்போட்டிருந்தார்கள். எதிரிலிருந்து வரும் வாகனங்கள் எல்லாம் கடந்த பிறகுதான் இந்தப் பக்கத்துக்கு வழி. நஸீம் வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பின்னால் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மஞ்சளுமாகப் பைகள் அடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டால் தும்மல் வரும். இறக்கி வைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து நிறைய வந்திருந்தது. எழுத்தாக வந்தவற்றை விரலால் தள்ளிக்கொண்டே போய், குரலாக வந்த ஒன்றில் நிறுத்தினார். வத்தேகமவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இப்ஹாம் அனுப்பியது. இருபத்திரண்டு நிமிடம். ஏதோ மௌலவியின் பயானாக இருக்கும் என்று நினைத்து அழுத்தினார்.

பெண் குரல். அவசரமில்லாத, பக்கத்து ஆசனத்தில் இருந்து பேசுவதுபோன்ற குரல். தன் பெயர் நிஷாந்தினி என்றும், சமூகவியல் படித்தவள் என்றும், எழுத வாசிக்கத் தெரியாமல் வளர்ந்து அதை மற்றவர்களிடமிருந்து மறைத்து வாழ்கிறவர்களைப் பற்றி மூன்று வருடம் ஆராய்ச்சி செய்ததாகவும் சொன்னாள். நஸீமின் கை அந்தக் குரலை நிறுத்துவதற்காக நீண்டது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"நான் நாற்பத்தொரு பேரோடு பேசினேன். அவர்களில் முப்பது பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் கண்டதேயில்லை. ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஓர் அம்மாவும் கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிற ஓர் ஐயாவும் சொல் மாறாமல் அதையே சொன்னார்கள். 'கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், இத ஒருக்கா வாசிச்சு சொல்லுங்க.'"

நஸீமுக்கு ஐம்பத்து நான்கு வயது. கண்ணாடி போட்டதே இல்லை. எதிர்மலையின் உச்சியில் இருக்கிற மரத்தில் உட்கார்ந்திருப்பது காகமா பருந்தா என்று இங்கிருந்தே சொல்லக்கூடியவர். ஆனால் அந்த வசனத்தைப் பத்தொன்பது வயதிலிருந்து சொல்லிவருகிறார். வங்கியில், ஆஸ்பத்திரியில், பிரதேச செயலகத்தில், பள்ளிவாசல் கூட்டத்தில். ஒரே ஆளிடம் இரண்டு முறை சொல்லிவிடாமல் இருக்க, யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறார். அந்தப் பொய்யைத் தானே கண்டுபிடித்ததாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

பின்னாலிருந்த பஸ் ஹோர்ன் அடித்தது. வழி விட்டிருந்தார்கள். அவர் வேனை முன்னால் எடுத்து, வெட்டிய மண்குவியலைத் தாண்டியதும் ஓரத்துப் புல்லில் இரண்டு சில்லுகள் ஏற நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கேட்டார்.

அவள் யாருக்காகவும் பரிதாபப்படவில்லை. அதுதான் அவரைப் பிடித்து வைத்தது. ஒரு தொழிலின் நுணுக்கங்களைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். படிவம் நிரப்ப வேண்டிய நாளில் கையில் துணி சுற்றிக்கொண்டு போனவர். சாப்பாட்டுக் கடையில் எப்போதும் பக்கத்து மேசைக்காரர் கேட்டதையே தானும் கேட்பவர். பத்திரிகை வாங்கி, சரியான இடைவெளியில் பக்கம் திருப்புகிறவர். நஸீம் சிரித்தார். பத்திரிகை அவருக்கும் தெரியும். வேனில் யாருமில்லாத இடத்தில் தான் சத்தமாகச் சிரிப்பதைக் கேட்டு அவருக்கே திடுக்கென்றது.

பிறகு அவள் அப்பாக்களைப் பற்றிச் சொன்னாள். "பிள்ளைகளின் பாடசாலைப் பக்கம் போகாத அப்பாக்களை அக்கறை இல்லாதவர்கள் என்று நினைக்கிறோம். என்னோடு பேசியவர்களில் பதினேழு பேர் அப்பாக்கள். பதினேழு பேரும் யோசித்து முடிவெடுத்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாத அப்பா என்று பிள்ளைக்குத் தெரிவதைவிட, அக்கறை இல்லாத அப்பா என்று பிள்ளை நினைத்துக்கொள்வது மேல் என்று."

மகள் ரிப்காவுக்கு அப்போது பதினொரு வயது. மாகாண மட்டத்தில் கட்டுரைக்கு முதலாம் இடம். அந்தக் கட்டுரையை வெள்ளைத் தாளில் திரும்ப அழகாக எழுதிக்கொண்டு, சீருடை மாற்றாமல் அவருடைய அரவை மில்லுக்கே வந்திருந்தாள். "வாப்பா, வாசிங்க." மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. "வேல ஈக்குது. அங்க வெச்சிட்டுப் போ," என்றார். அவள் சற்று நேரம் நின்றாள். தாளை மேசையில் வைத்து, பறக்காதபடி அதன்மேல் ஒரு படிக்கல்லையும் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் அவரிடம் கொண்டுவந்ததில்லை. இப்போது அக்குறணையில் ஆசிரியை. உம்மாவுக்கு நாள்தோறும் நீள நீளமாக எழுதி அனுப்புவாள். வாப்பாவுக்குப் பெருநாளில் ஸலாம் சொல்வாள்.

நஸீம் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். வெட்கம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஹுன்னஸ்கிரிய வளைவுகளில் மூடுபனிக்குள் வேன் ஓட்டும்போது தெருவும் தானும் மட்டும்தான் உலகத்தில் இருப்பதாகத் தோன்றும். திடீரென்று காற்று அடித்துப் பனி விலகும். பார்த்தால் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மலைத்தொடரே நின்றுகொண்டிருக்கும். இத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கும். அப்படி இருந்தது அவருக்கு.

முடிவில் அவள், தன்னோடு பேச விரும்புகிறவர்களுக்காகத் தன் தொலைபேசி இலக்கத்தை இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எழுதத் தேவையில்ல. கேட்டாலே போதும்," என்றாள்.

வத்தேகமவில் இப்ஹாமின் கடைக்குச் சரக்கு இறக்கும்போது நஸீமுக்கு ஒரு பயம் பிடித்தது. இவன் எதற்காக இதைப் போட்டான்?

"அந்த வொய்ஸ் என்னத்துக்கு குரூப்புக்குப் போட்ட நீ?"

இப்ஹாம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொம்புளப் புள்ளட பேச்சா, நஸீம் நானா? எங்கட மச்சான் அனுப்பின. பொட்காஸ்டாம். நல்லா ஈந்திச்சு, அதான் எல்லாருக்கும் போட்ட." துணியை உதறினான். "எங்கட மூத்தம்மா மௌத்தாகும் வரைக்கும் கண்ணு தெரியாதெண்டுதான் செல்லிட்டு ஈந்த. ஊசில நூல் மட்டும் கோப்பா."

நஸீம் அடுத்த பையை எடுக்கப் போனார்.

வீட்டில் மனைவி பாயிஸா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து, குரலை ஓடவிட்டுவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். முதல் ஐந்து நிமிடம் அவளுடைய கத்தி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அப்பாக்கள் வந்தபோது அவள் முகத்தை மேல்கையால் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிடமும் முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நீங்களும் எனக்குச் செல்லல்ல," என்றாள் பாயிஸா. "நானும் கேக்கல்ல. இருபத்தெட்டு வருஷம்."

"ஒனக்கு எப்ப வெளங்கின?"

"கலியாணம் முடிச்சு ரெண்டாம் மாசம். மருந்துப் போத்தல என்னட்ட தந்து, இது இருமலுக்கா காய்ச்சலுக்காண்டு கேட்டீங்களே." மீனைத் திரும்பவும் கையில் எடுத்தாள். "அந்த வொய்ஸ்ல பேசின புள்ளக்கி ஒரு போன் கோல் எடுங்க."

"எடுத்து?"

"அத அவக்கிட்ட பேசுங்க. என்னட்ட என்னத்துக்குக் கேக்குறீங்க."

அவர் கோல் எடுத்தார், அவள் நேரில் வந்து பேசச் சொன்னாள். நிஷாந்தினி கண்டி நகரத்தில், யட்டிநுவர வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த சிறிய அறையில் ஒலிப்பதிவு செய்தாள். கீழே இருக்கிற கடையைப் பார்த்ததும் நஸீம் படியில் ஒருமுறை நின்று, தனக்குள் சிரித்துக்கொண்டு ஏறினார். ஜன்னலுக்குக் கனமான போர்வைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. ஒரு மேசை, இரண்டு கதிரை, இரண்டு ஒலிவாங்கி. முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. குரலை வைத்து அவர் நினைத்திருந்ததைவிட மெலிந்த பிள்ளை.

"வாங்க நானா, உக்காருங்க. எடம் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்றாள். அவருக்குத் தேநீர் ஊற்றினாள். தன் ஆராய்ச்சி ஆங்கிலத்தில் புத்தகமாகி நூலகத்தில் வைக்கப்பட்ட அன்றைக்குத்தான், அதிலிருக்கிற நாற்பத்தொரு பேரில் ஒருவராலும் அதைத் திறந்து படிக்க முடியாது என்பது தனக்கு உறைத்தது என்று சொன்னாள். "அவங்களப் பத்தி எல்லாருக்கும் சொல்லிட்டேன், அவங்களுக்கு மட்டும் சொல்லல. அதுக்கப்புறந்தான் இதத் தொடங்கினேன்." பேசிக்கொண்டே கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, பேனையோடு அவர் முன்னால் வைத்தாள். "இது சம்மதப் படிவம். ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு கையெழுத்து..."

நிறுத்தினாள்.

நஸீமின் வாய் ஏற்கெனவே பழக்கத்தில் திறந்திருந்தது. "கண்ணாடிய வீட்டுல—"

இருவரும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். அவள் முகம் காதுவரை சிவந்தது. "மூணு வருஷம்," என்றாள் மெல்ல. "மூணு வருஷமா இதத்தான படிச்சேன்." நஸீமுக்கு அவள்மீது இரக்கமாக இருந்தது. "பரவால்ல மகள், எல்லாருக்கும் அப்படித்தான் வார," என்றார். அவள் தாளை மடித்து மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, ஒலிவாங்கியைத் திறந்து, படிவத்தில் இருந்ததையெல்லாம் வாயால் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "சம்மதம்" என்றார்.

ஏழு வயதில் வாப்பா மௌத்தானதையும், அந்தச் சாவோடு தன்னை மாமாவின் மில்லில் வேலைக்கு விட்டதையும் சொன்னார். குர்ஆன் ஓதத் தெரியும், உஸ்தாத் ஓதுவதைக் கேட்டுக் கேட்டே பாடமாகியது என்றார். "ஓதத் தெரியும், வாசிக்கத் தெரியா. ரெண்டும் வேற." இலக்கங்கள் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், அதோடு சரி.

"அப்ப கடைகளோட ஓடர் எல்லாம் எப்படி நானா? எழுதாம?"

"எத்தின கடை வேணும்?"

"எல்லாத்தையும் சொல்லுங்களேன்," என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அவர் கண்ணை மூடினார். வலது கை முழங்காலின்மேல் கியர் மாற்றுவதுபோல அசைந்தது. "மடவளைச் சந்தி தாண்டினா எடது பக்கம் கணேஸ்ட கடை. தூள் அஞ்சு கிலோ, மஞ்சள் ரெண்டு, கொறக்காப் புளி ஒண்டு. பாலத்துக்கு இங்கால இராஜேஸ்வரி அக்கா. அவக்கு வறுத்த தூள்தான், மூணு கிலோ, சீரகம் அரை. வளைவு ஏறினா ரவிகுமார், போன கெழம எடுக்கல்ல, இந்தக் கெழம ரெட்டிப்பு..." தெரு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வளைவுகள் வந்தன, பள்ளிவாசல் வந்தது, வத்தேகம சந்தை வந்தது, அதற்கு அப்பால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறுகிற ஒழுங்கை வந்தது. தொண்ணூற்றாறு கடைகள். நடுவில் ஒருமுறை நின்று, "இல்ல, அவருக்கு மிளகு ஒண்டரை," என்று திருத்திவிட்டுப் போனார். கண்ணைத் திறந்தபோது நிஷாந்தினியின் தேநீர் ஆடை கட்டியிருந்தது. அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"நானா, இது என் ஆராய்ச்சியில இல்ல," என்றாள். "நாப்பத்தொரு பேர்கிட்டயும் எதெல்லாம் மறைச்சீங்கன்னு கேட்டேன். அதுக்குப் பதிலா எதையெல்லாம் தலைக்குள்ள வச்சிருக்கீங்கன்னு ஒருத்தர்கிட்டக்கூட கேக்கல." கருவியை மேசையில் வைத்தாள். "திரும்பவும் எல்லார்கிட்டயும் போகணும்."

புறப்படும் முன் அவள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். பெயரைச் சொல்லமாட்டோம். குரலையும் கணினியில் மாற்றிவிடலாம், யாராலும் அடையாளம் காண முடியாது.

நஸீம் எழுந்து நின்றிருந்தார். சங்கத்துக் குழுவில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். இப்ஹாம் கேட்பான். பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுகிறவர்கள் கேட்பார்கள். வங்கியில் அவருக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்த ஒவ்வொருவரும் கேட்கலாம். அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் வேணாம். கொரல மாத்த வேணாம்."

"நல்லா யோசிச்சீங்களா நானா? தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிருவாங்க."

"என்ட மகளுக்கு வெளங்கோணும்," என்றார் நஸீம். "அவ எழுதினது ஒண்டு ஈக்குது. மில்லுட மேச லாச்சில. ஒரு தாள். அத இன்னும் வெச்சீக்கிறேன்டு சேத்துப் போடுங்க."

கீழே இறங்கியபோது பிற்பகல் வெயில் வீதியில் சாய்ந்திருந்தது. வேனைத் தூரத்தில் விட்டிருந்ததால் மணிக்கூட்டுக் கோபுரத்தடிப் பஸ் தரிப்பிடத்தைக் கடந்துதான் போகவேண்டும். பாடசாலை முடிந்து மேலதிக வகுப்புகளும் விட்ட நேரம். அலுவலகங்களும் விட்டுக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆட்கள். அவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை கடந்துபோன இடம் அது. இன்றைக்கு நடக்க முடியாமல் நின்றுவிட்டார்.

ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் மூன்று மொழியிலும் பெரிதாக ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. மடித்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் தோலில் செய்த கைப்பையுமாக ஒருவர் அப்படியோர் ஊர்ப்பெயர்ப் பலகைக்கு நேர் கீழே நின்றார். பலகையைப் பார்க்கவில்லை. கொண்டக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி, காய்கறிப் பையோடு ஒரு தாய், தன்னைத் தாண்டிப்போன மூன்று பேரை விட்டுவிட்டு, நான்காவதாக வந்த பாடசாலைச் சிறுமியிடம் குனிந்து ஏதோ கேட்டாள். சுவரோரத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தான். உதடு அசையவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் வந்தது. இவர்களும் தன்னைப் போன்றவர்கள்தானா, இல்லையா, நஸீமுக்குத் தெரியாது. யாராகவும் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எவராகவும் இருக்கலாம்.

முதல் பஸ்ஸின் கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கூவினான். "மடவள! மடவள! வத்தேகம! வத்தேகம! வத்தேகம!" நின்றிருந்த கூட்டம் அசைந்தது. அங்கே ஒருவர், இங்கே இருவர், தூண்களுக்குப் பின்னாலிருந்தும் நிழலிலிருந்தும் ஆட்கள் பிரிந்து வந்து, அந்தக் குரலை நோக்கி நடந்தார்கள்.