இது யார் முறை?

படுக்கை விரிப்பை இரண்டு பேர் மடிப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து எதிரெதிரே நின்று, உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நடுவில் சந்திக்கும்போது ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைத் தூக்கித் தர வேண்டும். கொடுக்கிறவளுக்குத்தான் இடுப்பு போகும். அதனால் ஒரு விரிப்புக்கு என்னோடு வேலை பார்க்கும் அக்கா கொடுத்தால் அடுத்ததற்கு நான். வருஷக்கணக்காக இப்படித்தான். முறை தப்பியதே இல்லை.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. எனக்கு அங்கே பட்டாசு என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும், மறுக்கவில்லை. அக்காவோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள். தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு, தம்பி மனைவியின் முகம் பார்த்து நடந்துகொள்கிறவள்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் மேடம் எங்களைக் கூப்பிட்டு, மடிக்கும் மெஷின் வருகிறது, அதற்கு விரிப்பை எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் போதும் என்றார்.

"என்னால முடிவு பண்ண முடியலம்மா. ரெண்டு பேரும் நல்லா வேலை பாக்குறீங்க. தனித்தனியா வந்து யாரு இருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க."

பெரிய மனசுதான்! தன் தலைவலியைக் கழற்றி எங்கள் தலையில் மாட்டிவிட்டார்.

எனக்கு அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கணவருக்கு முதுகெலும்பு நழுவி, படுத்தே கிடக்கிறார். அவரிடம் சொன்னேன். படுத்தபடியே யோசித்தார். படுத்திருக்கிறவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

"அவங்க பேரையே சொல்லிடு," என்றார்.

"என்னங்க பேசுறீங்க?"

"முழுசாக் கேளு. அந்தம்மா கண்டிப்பா உன் பேரைத்தான் சொல்லும். அது சுபாவம் அப்படி. நீயும் அவங்க பேரைச் சொன்னேன்னு வை, இந்தக் கோபக்காரிக்கும் இவ்வளவு நல்ல மனசான்னு மேடம் அசந்துபோயிடுவாங்க. உன்னத்தான் வச்சுக்குவாங்க."

மறுநாள் மேடத்திடம் போய், "அக்கா இருக்கட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? இங்கேதான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கணவரின் தந்திரத்துக்காகச் சொன்னேன் என்றால் அதுவும் உண்மை. ஆனால் சொல்லும்போது என் கண்முன்னால் நின்றது வேறு. மகளுக்கு ஜுரம் முற்றி நான் போட்டது போட்டபடி ஓடிய அன்று, அக்கா விரிப்பின் ஒரு பக்கத்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டி, மலை போன்ற குவியலைத் தனியாக மடித்து முடித்தாள். நான் வெளியே போனதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் நானும் நன்றாகச் சண்டை போட்டு அந்த நன்றியைத் தீர்த்திருப்பேன். பாவி, வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா என்ன செய்தாலும் எனக்குச் சந்தேகம். டீ வாங்கி வந்தாள். என் பெயரைச் சொல்லிவிட்ட திருப்தியில் வாங்கினாளா, தன் பெயரைச் சொல்லிவிட்ட உறுத்தலிலா? "இடுப்பு வலிக்குதா, இதுக்கும் நானே குடுக்குறேன்," என்றாள். இதற்கு முன் அவள் இப்படியெல்லாம் செய்ததே இல்லையா, இல்லை நான்தான் கவனிக்கவில்லையா? நானும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு வாங்கினேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

வாரக் கடைசியில் மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ரொம்ப நன்றிம்மா. ரெண்டு பேரும் ஒரே பேரைத்தான் சொல்லியிருக்கீங்க. எனக்குச் சிக்கலே இல்ல. அக்கா இருக்கட்டும்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மடிக்கும் மேசைக்குத் திரும்பும்வரை எப்படி வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்று தெரியாது.

"உங்க பேரை நீங்களே சொன்னீங்களாக்கா?"

"ஆமா."

"எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"நீ என் பேரைத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்டி. ஜுரத்தன்னைக்கு நான் செஞ்சத நீ மறக்கலைன்னு தெரியும். நான் உன் பேரைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கைகாட்டுறாங்க, இந்தச் சிக்கலே வேணாம்னு மேடம் வெளியிலேர்ந்து ஒருத்தியக் கொண்டாந்திருப்பாங்க. ரெண்டு பேருக்கும் போயிருக்கும்."

"அப்படின்னு மேடம் சொன்னாங்களா?"

"சொல்லல. நானா நெனச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "ஒருத்தி குடுத்தா ஒருத்தி வாங்கணும்டி. ரெண்டு பேரும் குடுத்தா கீழதான் விழும்."

பட்டாசு வெடித்திருக்க வேண்டும். நமுத்துப்போய் நின்றேன். நியாயம் பேசுகிறாளா, தன் சுயநலத்துக்கு வெள்ளை விரிப்பு போர்த்துகிறாளா? திட்டலாம் என்றால் நான் மட்டும் என்ன சுத்தமாகவா கொடுத்தேன்? எனக்கே திரும்பி வரும் என்றுதானே கொடுத்தேன். கோபம் வந்தது, அழுகை வந்தது. என் வேலை போய்விட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மெஷின் வரும்வரை மடித்தாக வேண்டும். அடுத்த விரிப்பை எடுத்தோம். உதறினோம், இழுத்தோம், மடித்தோம். எதிரும் புதிருமாக நடந்து நடுவில் வந்து நின்றோம். அவள் கொடுக்கும் முறை. அவள் முனைகளை நீட்டினாள். அதே நேரத்தில் நானும் நீட்டினேன். இரண்டு பேரும் கையை விட்டோம். வெளுத்த விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

"என் முறையில நீ எதுக்குடி குடுத்தே?" என்றாள் அக்கா.

கொடுத்தேனா, அவள் கையிலிருந்து வாங்கப் பிடிக்காமல் விட்டேனா? விரிப்பையே பார்த்தேன்.

"தெரியலக்கா," என்றேன்.

அதைத் தூக்க இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தோம்.