ஒக்பாய் சொன்ன கிப்ரோம்

விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'மனைவியைப் பார்க்க' என்று எழுதினேன். அது பாதிப் பொய். நான் பார்க்கப் போனது ஒரு ஸ்வெட்டரை.

உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் என் மனைவி லெதினாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் கதவில் அது தொங்கியது. சாம்பல் நிறம், ஆண்பிள்ளை ஸ்வெட்டர். யாருடையது என்று கேட்டேன். ஒக்பாய் அண்ணனுடையது, முழங்கை கிழிந்திருந்தது, தைத்துக் கொடுக்கிறேன் என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் கொலம்பஸ் நகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு, என் சட்டைக்கு நானே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், நான்கு வருடமாக. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒக்பாய் எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். எங்கள் எரித்ரியாவில் மாப்பிள்ளைத் தோழன் என்றால் படத்துக்கு நின்றுவிட்டுப் பந்திக்குப் போகிறவன் இல்லை. தாலி கட்டாத குறையாக அவனுக்கும் அன்றைக்குப் பொறுப்பு ஏறிவிடும். அன்று முதல் அவன் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன். புதுத் தம்பதி வீட்டைவிட்டு வெளியே வராத நாட்களில் சாப்பாடு கொண்டுவருகிறவன் அவன். அவள் புருஷனைப் பற்றி முறையிட வேண்டுமானால் அவனிடம்தான் முறையிடுவாள். அவளை அவன் வேறு கண்ணால் பார்த்தால் ஊர் அவனை மனிதனாகவே மதிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் பொறாமை போய்விடுமா?

கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு நான் இருந்தது பதினோரு நாள். ராணுவத்தில் முடிவில்லாத சேவை. தப்பி எல்லை தாண்டினேன். சூடானில் ஒரு வருடம், வழியில் ஒரு வருடம், அமெரிக்காவில் வழக்குக்காகக் காத்திருந்தது மூன்று, தஞ்சம் கிடைத்தபின் ஒன்று. இடையில் லெதினா கம்பாலாவுக்கு வந்து, கன்சங்காவில் ஒரு அறை எடுத்து, ஒரு சலூனில் பின்னல் போட்டுப் பிழைத்தாள். என்னோடு ஒரே படைப்பிரிவில் இருந்த ஒக்பாயும் தப்பி அதே ஊருக்கு வந்து, இரண்டு சந்து தள்ளி செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். வேறு ஊர் இல்லாமலா போய்விட்டது அவனுக்கு?

லெதினாவை அழைத்துக்கொள்ள நான் மனுப் போட்டபோது கல்யாணப் படங்களை இணைத்திருந்தேன். அதில்தான் கோட்டை விட்டேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடை, ஒரே மாதிரி சரிகை அங்கி. நானோ விடுப்பு முடிந்தும் முகாமுக்குத் திரும்பாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். யாராவது கேமராவைத் தூக்கியவுடன் யார் முதுகுக்குப் பின்னாலாவது பதுங்குவேன். ஐந்து படத்தில் நான்கில் லெதினாவின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது ஒக்பாய். மணமகன் யார், திருமணத்துக்கு வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டுக் கடிதம் வந்தது. அவளை நேர்காணலுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரிகளைக் குறைசொல்ல முடியாது, பொருத்தம் அப்படி இருந்தது. அவன் உயரம் வேறு.

வக்கீலம்மா என்னைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கிரீன் கார்டு வரட்டும், பிறகு நிம்மதியாகப் போகலாம் என்றார். நான் கேட்கவில்லை. அப்படியானால் அகதிப் பயண ஆவணம் வாங்கிக்கொள், ஒரு வருடம்தான் செல்லும், எரித்ரியா மண்ணை மிதித்துவிடாதே, தேதிக்குள் திரும்பு, இல்லாவிட்டால் இத்தனை வருடப் பாடும் வீண் என்று எச்சரித்தார். அவ்வளவு அவசரம் என்ன என்றும் கேட்டார். நேர்காணல் என்றேன். ஸ்வெட்டரைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?

என்டெபே விமான நிலையத்தில் அந்த ஆவணத்தை வாங்கியவர் முன்னும் பின்னும் புரட்டினார். அமெரிக்கனா என்றார். இல்லை என்றேன். எரித்ரியன் என்று போட்டிருக்கிறதே, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எங்கே என்றார். அந்த அரசாங்கத்திடமிருந்து ஓடி வந்ததற்குத்தான் அமெரிக்கா இதைக் கொடுத்திருக்கிறது என்றேன். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்பது நிமிடம் நிற்கவைத்தார்கள். வெளியே வந்தால், லெதினாவுக்குப் பக்கத்தில் ஒரு தலை உயரமாக அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் என் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவன் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "என்னடா மாப்ள, வயிறு வந்துருச்சு. அமெரிக்கா உன்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கா" என்றான். லெதினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. நான் வருகிறேன் என்று இன்னொன்றைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து போட்டிருந்தான். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். குழாயை எந்தப் பக்கம் திருகினால் தண்ணீர் வரும் என்று தெரியும். அவன் ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிக்கும் முன்பே அவள் சிரித்துவிடுவாள். நான் பேசினால் முடியும்வரை காத்திருந்து, மரியாதையாகச் சிரிப்பாள். பதினோரு நாள் பழகியவனிடம் வேறு எப்படிச் சிரிப்பது என்று யாராவது கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். எரிச்சல் குறையவில்லை.

ஆதாரத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து படம் எடுக்கவேண்டியிருந்தது. எடுத்தவன் யார்? அவன்தான், கடையில் யாரோ விட்டுப்போன நல்ல செல்போனில்.

"கிட்ட நில்லுடா, அவ என்ன கரண்ட்டா? கையை எடுத்து அவ தோள்ல போடு. அந்தத் தோள் இல்ல, மாப்ள, இந்தத் தோள்."

என் பெண்டாட்டியின் தோளில் நான் எப்படிக் கைபோடுவது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அந்தப் படங்களில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பிக்கு வந்தான். லெதினா தரையில் புல் பரப்பி, காப்பிக் கொட்டையை வறுத்து, புகையை எங்கள் பக்கம் கையால் தள்ளிவிட்டாள். முதல் சுற்று முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அவனுக்கு மட்டும் மூன்று கரண்டி சர்க்கரை, கேட்காமலே போட்டாள். எனக்கு எத்தனை என்று கேட்டாள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது சுற்றை நானும் என் மனைவியும் குடித்துக்கொள்கிறோம், நீ கிளம்பு என்றேன்.

மூன்றாவது கோப்பைதான் ஆசீர்வாதம். அதற்கு முன் ஒருவனை எழுப்பி அனுப்புவது எங்களில் அடித்துத் துரத்துவதைவிட மோசம். ஒக்பாய் என்னைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "சரிடா, புருஷன் பொண்டாட்டி பேச வேண்டியது நெறைய இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். லெதினா மூன்றாவது சுற்றை ஊற்றினாள். ஒரு கோப்பை அவளுக்கு, ஒரு கோப்பை அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு. எனக்கு ஊற்றவில்லை.

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் வேறு வழியில்லாமல் பேசினாள், புதன்கிழமை நேர்காணல். என்னென்ன கேட்பார்கள் என்று வக்கீலம்மா ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். தவளை என்றால் எனக்குப் பயம். இடது முழங்காலில் தழும்பு. தூங்கும்போது கையைத் தலைக்கடியில் வைத்துக்கொள்வேன். சின்ன வயதில் அம்மா என்னை 'நரி' என்று கூப்பிடுவாள். இதில் பாதியை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒக்பாய் அண்ணன்தான். ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வந்தா உன் கதைதான். வேற என்ன பேசுவோம்னு நெனச்ச?" என்றாள். பிறகு, "இதையும் சொல்லிடறேன், அவர் சொன்ன கிப்ரோம் இப்படிச் சந்தேகப்படற ஆளா இல்ல" என்றாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து இரண்டு சந்து தள்ளிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். போகவில்லை. அவள் வராவிட்டால் எனக்கு அமெரிக்காவில் ஒரு கட்டிலும் ஒரு பாத்திரமும்தான். அவள் வருவாளா, எனக்காக வருவாளா என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

புதன்கிழமை தூதரகத்துக்குள் அவளை மட்டும் விட்டார்கள். நான் எதிரே, வாழைப்பழம் விற்கிறவளின் குடைக்குக் கீழே மூன்று மணிநேரம் நின்றேன். வெளியே வந்தபோது அவள் முகத்திலேயே தெரிந்தது. கல்யாணம் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள், விசா முத்திரைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவளாக.

வேனில் பின் இருக்கையில் இடம் கிடைத்தது. படங்களை அந்த அதிகாரியம்மா சரியாகக்கூடப் பார்க்கவில்லையாம். ஆறு வருடம் ஏன் இந்த ஆளுக்காகக் காத்திருந்தாய் என்று மட்டும் கேட்டாராம். நீ என்ன சொன்னாய் என்றேன்.

"கண்டெய்னர் கதையைச் சொன்னேன்" என்றாள்.

எந்தக் கண்டெய்னர் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"மறைக்காத. உங்களையெல்லாம் தண்டனைன்னு இரும்புக் கண்டெய்னர்ல போட்டு அடைச்சாங்களே. ஒருத்தன் காய்ச்சல்ல கெடந்தான். நீ நோன்பு இருக்கேன்னு பொய் சொல்லி, உன் ரொட்டியையும் தண்ணியையும் ஒம்பது நாள் அவனுக்குக் குடுத்தியாமே. அது நோன்பு மாசமே இல்லையாம். எல்லாரும் சொன்னாங்க, உன் புருஷன் அமெரிக்காவுல எவளையாவது கட்டிக்குவான், நீ ஒரு முட்டாள்னு. நான் அந்த ரொட்டியை நெனைச்சுக்குவேன். அப்படிக் குடுத்தவன் என்னை விடமாட்டான்னு. அந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க, தெரியுமா?"

காய்ச்சலில் கிடந்தவன் நான். நோன்பு என்று சொன்னவன் ஒக்பாய். அது பொய் என்று எனக்கு உறைக்கவே நான்கு நாள் ஆனது. உறைத்த பிறகும் ஐந்து நாள் வாங்கித் தின்றேன்.

இத்தனை காலமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் தன்னை எடுத்து என் பெயரில் அவளுக்குக் கொடுத்திருக்கிறான். அவள் காத்திருந்தது அந்தக் கிப்ரோமுக்காக. வாழ்க்கையில் யார்மேலும் எனக்கு அப்படிப் பொறாமை வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் நேர்காணலில் அவள் சொன்னது பொய்யாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. சொன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாள், நான்கு படங்களில் அவள் பக்கத்தில் நிற்கிறவனை.

"ஏன் எங்கிட்ட ஒருநாளும் சொல்லல?" என்றாள்.

"பெரிய விஷயமில்ல" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவேன்னு அண்ணன் சொன்னாரு." அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் காய்ச்சல்காரன் பிழைச்சானா?"

"பிழைச்சான்."

"உன்னை மறந்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வேன் கன்சங்கா மேட்டில் ஏறியது. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.