பூங்காவில் களி, கட்டணம் இல்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் நகராட்சியில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னைப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே நான் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது.

ரெஹானா, பூங்கா மேற்பார்வையாளர், ஒப்பந்தப் பணி. என் ஆட்சிக்கு உட்பட்டவை இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு சீசா, பதினோரு புங்கமரம். மலைக்காற்று வஞ்சனை இல்லாமல் வீசும். ஆனால் ஊரில் பாதிப் பேர் விடிவதற்குள் ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்கு ஏலக்காய் பறிக்கப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்குத் திராட்சைத் தோட்டம், கடை, ஆபீஸ். மூன்று வருடத்தில் தவறாமல் வந்து போனது ஒரு வெள்ளாடு மட்டும்தான்.

போன புதன்கிழமை ஆணையாளர் தங்கப்பாண்டியன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஆள் வராத இடத்துக்கு எதுக்கும்மா பூங்கா? டூவீலர் ஸ்டாண்டு போட்டா ஊருக்கு உபயோகம். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்து பாக்குறேன். கூட்டம் இருந்தா பூங்கா. இல்லேன்னா திங்கக்கிழமை ஸ்டாண்டுன்னு ஃபைல்ல எழுதிருவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஆம்பளைகளுக்கு முக்குக்கு முக்கு டீக்கடை பெஞ்ச் இருக்கிறது. ஒரு பொம்பளை யாருக்கும் காரணம் சொல்லாமல் உட்கார இருப்பது இந்த ஒரு இடம்தான். அவள் வரவில்லை என்பது வேறு விஷயம். வந்தால் உட்கார இடம் வேண்டுமே. அதையும் பைக்குக்குக் கொடுப்பார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சி வைப்பது என்று முடிவு செய்து, ஊருக்கு அறிவிக்கும் வேலையை ஜஸ்டினிடம் கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஜஸ்டின் கூடலூர்க்காரன், எங்கள் ஆபீஸ் எழுத்தர். அதற்கு முன்னால் எட்டு வருடம் கேரளாப் பக்கம் குமுளியில் ஒரு ஓட்டலில், தங்க வருகிறவர்களை விளையாட வைக்கும் வேலை பார்த்தவன். அவன் தமிழில் எப்போது மலையாளம் ஏறும், எப்போது இறங்கும் என்று அவனுக்கே தெரியாது. குப்பை வண்டிகளில் போட அவன் குரலிலேயே பதிவு செய்து, நான்கு நாள் எல்லா வார்டிலும் ஓட விட்டான். வண்டி தெருவுக்கு வரும் நேரம் நான் பூங்காவில் இருப்பேன். அதனால் நான் மட்டும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூங்கா வாசலில் ஐம்பது பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மணிக்கு இருநூறு பேர். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற மாதிரி குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தபோதுதான் எல்லோர் கையிலும் தட்டு இருப்பது தெரிந்தது. சிலர் கையில் தூக்குவாளி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் வந்தது இருளம்மாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தள்ளுவண்டியில் கேப்பைக் களியும் கூழும் விற்கிறவள். அவள் கையில் தட்டு இல்லை. களி கிண்டுகிற மரத்துடுப்பு இருந்தது.

"ஏத்தா, நல்லா இருக்கா இது? வாரத்துக்கு ஒருக்க என் வண்டிய நகத்துங்கிறீக. சரின்னு நகத்துறேன். இப்ப நீங்களே ஊருக்கெல்லாம் ஓசிக் களி போட்டா நான் எங்கன போறது?"

"என்ன களிக்கா? இங்கன யாரும் களி போடல."

அவள் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை வண்டி திரும்பியது. ஒலிபெருக்கியில் ஜஸ்டின் உற்சாகமாகப் பேசினான். "ஞாயிறு காலை ஏழு மணிக்கு நமது நகராட்சிப் பூங்காவில் களி. சிறியவர், பெரியவர் அனைவருக்கும் களி. கட்டணம் இல்லை. அனைவரும் வந்து களிக்க வேண்டுகிறோம்."

ஜஸ்டின் சறுக்குமரத்துக்குப் பின்னால் நின்றான்.

"ஏலே, இங்க வா. களின்னா என்னலே?"

"வெளையாட்டுக்கா. குமுளில எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாக."

"இது குமுளியா?"

அவன் தட்டுகளைப் பார்த்தான், துடுப்பைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, கேப்பைக் களின்னு நெனச்சுட்டாகளா?"

இவ்வளவு கூட்டத்தையும் வெறும் தட்டோடு திருப்பி அனுப்பினால் நாங்கள் தின்னப்போகிற களி வேறு இடத்துக் களி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு வாசனை வந்தது. திரும்பினால் என் மாமியார் லத்திபா. கையில் பெரிய வாளி நிறையத் தாளிச்சா.

"மாமி, நீங்களுமா?"

"களி நீங்க குடுப்பீக, கொழம்பு நாமதான கொண்டாரணும். ஆபீஸ் விசேசத்த வீட்டுல ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறியே."

மாமி மட்டும் இல்லை. கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல், கோழிச்சாறு என்று ஊரே குழம்போடு வந்திருந்தது. பூங்கா முழுக்கக் குழம்பு, ஒரு கவளம் களி இல்லை. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. என் சிரிப்பைப் பார்த்து இருளம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. அழ ஆரம்பித்திருந்த ஜஸ்டினும் சிரித்தான்.

நான் இருளம்மாள் கையைப் பிடித்தேன். "அக்கா, ஒங்ககிட்ட மாவு இருக்கா?"

"ஒரு மூட இருக்கு. அடுப்பும் அண்டாவும் இருக்கு. எனக்கென்ன வந்துச்சு?"

"இனிமே ஒங்க வண்டி இந்தப் பூங்கா வாசல்லதான் நிக்கும். எவனும் நகத்தமாட்டான், நான் பாத்துக்கிறேன். இன்னைக்கு மட்டும் கைகொடுங்க."

அவள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "களி வேக முக்கா மணி நேரம் ஆகும். தட்டத் தூக்கிட்டு நிக்காதீக, போய் ஆடுங்க."

பூங்காவுக்குள் சமைக்கக் கூடாது என்று என் கையாலேயே எழுதி வைத்த பலகை இருந்தது. அதனால் அடுப்பை வாசலுக்கு வெளியே இரண்டடி தள்ளி மூட்டினோம். உள்ளே ஜஸ்டின் எட்டு வருட வித்தையை எல்லாம் இறக்கினான். தட்டைக் குப்புறக் கவிழ்த்து, பாட்டு நின்றதும் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டம். மாவு காலியான ஒரே சாக்கில் மாறி மாறிக் காலை விட்டுக் குதிக்கும் பந்தயம். ஏலத்தோட்டத்துப் பொம்பளைகள் கயிறு இழுத்ததில் ஜீப் டிரைவர்கள் மூன்று தரம் மண்ணில் விழுந்தார்கள். என் மாமி ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கச் சொன்ன பிள்ளைகளைக் காது கேட்காதது போலப் பார்த்தார்.

எட்டு மணிக்கு ஆணையாளரின் ஜீப் வந்தது. ஒல்லியான மனிதர், விறைப்பாக இறங்கினார். அண்டாவில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்த இருளம்மாளுக்கு அவர் யாரென்று தெரியாது.

"இன்னும் பத்து நிமிசம் ஆகும். சும்மா நிக்காம உள்ள போய் ஆடிட்டு வாங்க" என்றாள்.

அவர் உள்ளே வந்தார். கூட்டத்தைக் கண்ணால் அளந்தார்.

"சாமானெல்லாம் ஒடஞ்சு கெடக்குன்னு சொன்னாங்களே" என்று சீசாவைத் தட்டிப் பார்த்தார்.

"ஒக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தார். நான் மறுமுனையில் உட்கார்ந்தேன். நான் எண்பத்திரண்டு கிலோ. ஆணையாளர் மேலே போனார். செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது.

அவர் அங்கிருந்து சுற்றிலும் பார்த்தார். கயிறு இழுத்து முடித்த பொம்பளைகள் புங்கமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக நான் பார்க்க ஏங்கியது அதைத்தான்.

"எறக்கும்மா" என்றார்.

"ஃபைல்ல என்ன எழுதப்போறீகன்னு சொல்லுங்க சார், எறக்குறேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆணையாளர் தொண்டையைச் செருமினார்.

"ஜஸ்டின், எழுதுய்யா. பூங்கா நல்ல பயன்பாட்டில் உள்ளது. டூவீலர் ஸ்டாண்டுக்கு வேறு இடம் பார்க்கவும். பூங்காவில் ஞாயிறுதோறும் களி நடைபெறுகிறது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார்" என்றான் ஜஸ்டின், பேனாவை நிறுத்தி. "ஆடிட்ல எந்தக் களின்னு கேட்டா?"

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு நேர்ல வரச் சொல்லு." பிறகு வாசல் பக்கம் திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார். "யோவ், சீட்டுக்கு அடியில என் தூக்குவாளி இருக்கும். எடுத்துட்டுப் போய் வரிசைல நில்லு."

சிரிப்பில் எனக்கு இறங்கவே தோன்றவில்லை. மாமி ஊஞ்சலில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்து, "தம்பிக்குக் கருவாடா, தாளிச்சாவா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றார் ஆணையாளர், மேலே இருந்தே.