காளான் இருக்கும் இடம்

மழை விட்டும் காடு சொதசொதவென்று கிடந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் காடுதான் வகுப்பறை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரவெல்லாம் ரொட்டி அடுப்பில் வேலை. பகலில் மகள் யாகோதாவோடு எறும்புப் புற்று, பாசி, மரங்கொத்தி. கணவர் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறார். உற்சாகமெல்லாம் அவருக்குப் போனில்தான்.

பள்ளியில் இருந்தவரை யாகோதா வாயே திறக்கவில்லை. காலையானால் வாந்தி. அதனால்தான் நிறுத்தினோம். ஆனாலும் ஜூனில் அங்கே போய்த் தேர்வு எழுத வேண்டும், வாய்மொழியாகவும் பதில் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் வீட்டில் படிக்கிற அனுமதி ரத்து. செப்டம்பரில் பழைய வகுப்புதான்.

அந்தப் புதன்கிழமை ஓக் மரத்தடியில் கொழுகொழுவென்று போரோவிக் காளான்கள். யாகோதா கத்தியால் அடியை வெட்டி, மறுபடி முளைக்கட்டும் என்று மிச்சத்தைப் பாசியால் மூடினாள்.

"கூடையை மூடுடி. யாராவது எங்கே கிடைச்சுதுன்னு கேட்டா?"

"தெரியாதும்பேன். காளானே பாத்ததில்லைம்பேன்."

"செத்தாலும் சொல்லக் கூடாது."

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவளுக்கும் காளான் இடத்தைக் காட்ட மாட்டார்கள். என் அக்கா இன்றுவரை என்னிடம் மூச்சு விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பறவை, இலை என்று கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது தேர்வு நடத்திய லுத்மிவா டீச்சர் கேட்டார்: "போரோவிக் எங்கே வளரும், கண்ணு?"

"தெரியாது."

"காட்டுல பாத்திருப்பியே?"

"இல்ல."

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பக்கத்து டீச்சர் பேனாவை மூடினார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. வாரா வாரம் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்களே, போஷெனா?"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். செப்டம்பர் வந்தால் காலையில் தூங்கலாம். பூட்ஸ் வேண்டாம், உண்ணி பார்க்க வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

யாகோதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பயந்த முகமில்லை அது. பாத்தியா, காப்பாத்திட்டேன் என்கிற முகம். எழுந்து அவள் பக்கத்தில் போனேன்.

"சொல்லுடி. இவங்ககிட்ட சொல்லலாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மடை திறந்துகொண்டது. எந்த மரத்தடி, எந்த மாதிரி மண், மழை விட்டு எப்போது போக வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. பழைய மர ஆலைக்குப் பின்னால், மாதா சிலையிலிருந்து இடதுபக்கம், விழுந்து கிடக்கிற பிர்ச் மரத்தைத் தாண்டி என்று வழியையே சொல்லிவிட்டாள். லுத்மிவா டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். மதிப்பெண் போடுகிறார் என்று நினைத்தேன். தேறிவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை போனோம். ஓக் மரத்தடியில் ஒரு காளான்கூட இல்லை. ஈர மரக்கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாகோதா மண்டியிட்டுப் பாசியை விலக்கிப் பார்த்தாள்.

"கத்தியாலதான் வெட்டியிருக்காங்க. மூடியும் வச்சிருக்காங்க. நல்ல டீச்சர்தாம்மா."

"ஆமா, ரொம்ப நல்லவங்க."

"அடுத்த வருஷம் கேட்டா வேற வழி சொல்லிடறேன். சதுப்புல போய் நிக்கட்டும்."

அடுத்த வருடம்! இன்னும் ஒரு வருடம் முழுசாக இருக்கிறது. பூட்ஸுக்குள் போன தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்தேன். பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை வீடு வரும்வரை ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.